சாய்ந்து நிற்கும் சக்கரம்

வாய் அகன்று அடி குறுகிய ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அதனைத் தரையில் படுக்க வைத்து மெல்லத் தள்ளுங்கள். அது நேராக ஓடுகிறதா? இல்லை. அடிப்பக்கம் உட்புறமாக இருக்க, வட்டமடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. இப்போது ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி உருட்டிவிடுங்கள். நிமிர்ந்து ஓடும் வரையில் நேராகச் செல்லும் நாணயம், வேகம் குறைந்து ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் அந்தப் பக்கமாகவே வளைந்து செல்வதைக் காண்பீர்கள்.

இந்த இரண்டு எளிய சோதனைகளும் ஓர் உண்மையைக் கூறுகின்றன. சாய்ந்த சக்கரம் நேரே செல்ல விரும்புவதில்லை. சாய்ந்த பக்கம் திரும்பவே முயலும். காரின் சக்கரமும் இந்த விதிக்கு விலக்கு அன்று. ஒரு சிறிய காரின் பின் சக்கரங்கள் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வை எவ்வாறு அளப்பது, அதனை மாற்றுவதற்கென்று விற்கப்படும் பாகங்களை எவ்வாறு பொருத்துகிறார்கள் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதற்குத் தேவையான கணிதம் நீங்கள் பள்ளியில் படித்த முக்கோணவியலில் ஒரு துளிதான்.

உள்ளங்கை அளவு ரப்பர்

முதலில் ஒரு கணக்கு. சிறிய கார் ஒன்றின் ஒரு சக்கரத்தின் மேல் 150 கிலோகிராம் எடை அழுத்துகிறது என வைத்துக்கொள்வோம். டயருக்குள் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம். அப்படியானால் அந்த எடையைத் தாங்க எவ்வளவு பரப்பு தரையைத் தொட வேண்டும்? 150-ஐ 2-ஆல் வகுத்தால் 75 சதுர சென்டிமீட்டர். ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவு! கார் ஓடுவதும், நிற்பதும், வளைவில் திரும்புவதும் இத்தகைய நான்கு சிறு ரப்பர்ப் பரப்புகளின் பிடிப்பைக் கொண்டுதான். சக்கரம் தேவைக்கு மேல் சாய்ந்தால் இந்தப் பரப்பு ஒரு விளிம்புக்கு ஒதுங்கிவிடுகிறது. அந்த விளிம்பு மட்டும் விரைவில் தேய்கிறது. மறு விளிம்பு வேலையின்றிக் கிடக்கிறது. மழை பெய்த சாலையில் பிரேக்கை மிதிக்கும்போது இதன் விலை தெரியும்.

காரை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும்போது சக்கரம் செங்குத்துக் கோட்டுடன் ஆக்கும் கோணத்திற்குச் சக்கரச் சாய்வு என்று பெயர். பட்டறைகளில் இதனைக் கேம்பர் என்பார்கள். சக்கரத்தின் மேற்பகுதி காருக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால் அது நேர்ச்சாய்வு. உட்புறமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ச்சாய்வு. முன்னதற்குக் கூட்டல் குறியும் பின்னதற்குக் கழித்தல் குறியும் இடுவது வழக்கம்.

டம்ளர் சோதனையை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவோம். சாய்ந்த சக்கரத்தின் அச்சை நீட்டிக்கொண்டே போனால் அது எங்கோ ஓரிடத்தில் தரையைத் தொடும். அந்தப் புள்ளியை உச்சியாகக் கொண்ட ஒரு கூம்பின் அடி விளிம்பைப் போலத்தான் அச்சக்கரம் உருள முயல்கிறது. சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர், சாய்வு 1 பாகை எனில், அந்த வட்டத்தின் ஆரம் 0.25-ஐ சைன் 1 பாகையால் வகுத்தால் கிடைக்கும். சைன் 1 பாகையின் மதிப்பு 0.0175. விடை ஏறத்தாழ 14 மீட்டர். வெறும் 1 பாகைச் சாய்வு, சக்கரத்தைத் தனியே விட்டால், 14 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றச் சொல்கிறது! நல்ல வேளையாக இடப் பக்கச் சக்கரமும் வலப் பக்கச் சக்கரமும் எதிரெதிர்த் திசைகளில் சாய்ந்துள்ளன. ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடுகிறது. இரண்டும் சமமாக இல்லாவிட்டால்தான் தொல்லை; கார் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே செல்லும்.

மினி என்னும் சின்னக் கார்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. இங்கிலாந்தில் உருவான மினி காரை எடுத்துக்கொள்வோம். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் நான்கு பேர் செல்லக்கூடிய கார் ஒன்று தேவை என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் முடிவு செய்தது. அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியல் வல்லுநர் அதனை வடிவமைத்தார். 1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் அந்தக் கார் வெளியிடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.05 மீட்டர், எஞ்சினின் கொள்ளளவு 848 கன சென்டிமீட்டர், சக்கரத்தின் ரிம் விட்டம் வெறும் 10 அங்குலம். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சக்கரங்களையே அதனால் ஓட்டச் செய்து, இடத்தை மிச்சப்படுத்தினார் இஸிகோனிஸ்.

எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளையே வில்லாகப் பயன்படுத்தியது இக்காரின் மற்றொரு புதுமை. இதனை உருவாக்கியவர் அலெக்ஸ் மோல்ட்டன். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் இந்தச் சின்னக் கார் பெரிய கார்களைப் பின்தள்ளி வென்றது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 53 இலட்சத்துக்கும் அதிகமான மினி கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் ஆர்வலர்களால் பேணப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. 2001 முதல் அதே பெயரில் வரும் கார் முற்றிலும் வேறு அமைப்புடையது. நாம் இங்குப் பேசுவது பழைய மினியைப் பற்றியே.

கதவும் கீலும்

மினியின் பின் சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டுள்ளது? காரின் பின்பகுதிக்கு அடியில் எஃகாலான ஒரு துணைச்சட்டம் உள்ளது. அதன் இரு பக்கங்களிலும் பக்கத்திற்கு ஒன்றாக வலுவான இரும்புக் கைகள் உள்ளன. கையின் முன் முனை ஒரு தண்டின் மேல் சுழலும். பின் முனையில் சக்கரம் இருக்கும். தண்டு முன்னாலும் சக்கரம் அதன் பின்னாலும் தொடர்ந்து வருவதால் இதனைப் பின்தொடர் கை எனலாம்.

உங்கள் வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு கீலைச் சுற்றித் திறந்து மூடுகிறது. அக்கதவைக் கீலோடு பெயர்த்து, கீல் கிடைமட்டமாக இருக்குமாறு படுக்க வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இந்தக் கையும். தண்டுதான் கீல். சாலையில் மேடு பள்ளம் வரும்போது கையின் பின் முனை கதவைப்போல மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை ரப்பர்க் கூம்பு தாங்கிக்கொள்கிறது.

இந்தக் கீல் தண்டின் உள்முனை துணைச்சட்டத்தில் உள்ள துளையில் உட்கார்ந்திருக்கிறது. வெளிமுனையைப் பிடித்திருப்பது போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட ஒரு சிறிய பிராக்கெட். நமது கதையின் நாயகன் இந்தப் பிராக்கெட்தான்.

கீல் தண்டும் சக்கரத்தின் அச்சும் ஒன்றுக்கொன்று இணை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கை எவ்வளவு ஆடினாலும் சக்கரத்தின் சாய்வு மாறாது. ஏன்? ஒரு கோட்டைச் சுற்றிச் சுழலும்போது, அக்கோட்டுக்கு இணையான மற்றொரு கோடு தன் இடத்தை மாற்றுமேயன்றித் திசையை மாற்றாது. ஆனால் கீல் தண்டையே சாய்த்தால்? தண்டு எவ்வளவு பாகை சாய்கிறதோ அவ்வளவு பாகை சக்கரமும் சாயும். இதுவே இந்தப் பொருத்தும் வேலை முழுவதற்கும் அடிப்படை.

வெளிமுனையை மேலே உயர்த்தினால் சக்கர அச்சின் வெளிமுனையும் மேல்நோக்கும். அச்சுக்குச் செங்குத்தாக உள்ள சக்கரத்தின் தலை உட்புறம் சாயும். அதாவது எதிர்ச்சாய்வு கூடும். வெளிமுனையைத் தாழ்த்தினால் நேர்ச்சாய்வு கூடும். ஒரு பென்சிலின் முனையில் வட்டமான அட்டை ஒன்றைச் செங்குத்தாகக் குத்தி, பென்சிலைச் சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தால் இது உடனே விளங்கும்.

ஏன் மாற்ற வேண்டும்?

தொழிற்சாலையிலிருந்து வரும்போது மினியின் பின் சக்கரத்துக்கு ஏறத்தாழ 1 பாகை நேர்ச்சாய்வு இருக்கும். பின்னர் ஏன் அதனை மாற்ற வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் முதுமை. கீல் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் ஊசி உருளைத் தாங்கியும் கிரீஸ் இன்றித் தேயும். துணைச்சட்டம் துருப்பிடிக்கும். எப்போதோ நேர்ந்த மோதலில் சட்டம் சற்று வளைந்திருக்கலாம். இதனால் ஒரு பக்கச் சக்கரம் ஒரு விதமாகவும் மறு பக்கச் சக்கரம் வேறு விதமாகவும் நிற்கும். பழைய பிராக்கெட்டில் துளை ஒரே இடத்தில் இருப்பதால் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாம் காரணம் வளைவுகள். கார் இடப்புறம் திரும்பும்போது அதன் உடல் வலப்புறம் சாய்கிறது. பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் எதிர்ப்புறம் சாய்வதைப் போன்றதே இது. பின்தொடர் கை அமைப்பில் ஒரு குறை உண்டு: உடல் எவ்வளவு பாகை சாய்கிறதோ, சக்கரங்களும் அதனுடன் அவ்வளவு பாகை சாய்கின்றன. உடல் 3 பாகை சாய்ந்தால் வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக 3 பாகை நேர்ச்சாய்வு பெறும். முன்பே கூட்டல் 1 பாகை இருந்தால் மொத்தம் கூட்டல் 4 பாகை. வளைவில் பெரும் பாரத்தைச் சுமப்பது இந்த வெளிப்பக்கச் சக்கரம்தான். அதுவே தன் வெளிவிளிம்பில் நிற்கிறது! நிற்கும் நிலையில் கழித்தல் அரைப் பாகை வைத்திருந்தால், அதே வளைவில் அது கூட்டல் இரண்டரைப் பாகையோடு நின்றுவிடும். டயர் தரையில் நன்றாகப் படியும்.

அப்படியானால் மேலும் மேலும் எதிர்ச்சாய்வு கொடுத்தால் மேலும் நன்மைதானே என்று கேட்கலாம். அன்று. கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேர்ச் சாலையில்தான் ஓடுகிறது. அதிக எதிர்ச்சாய்வில் உள்விளிம்பு தேயும். பிரேக் பிடிப்பு குறையும். மேலும் பின் சக்கரங்களுக்கு மட்டும் பிடிப்பைக் கூட்டிவிட்டு முன் சக்கரங்களை விட்டுவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் போதிய அளவு திரும்ப மறுக்கும். முன்னும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே சாலையில் ஓடும் காருக்குப் பின் சக்கரங்களில் 1 பாகைக்கு உட்பட்ட சிறிய எதிர்ச்சாய்வே போதுமானது.

முதலில் அளவு, பிறகு ஸ்பானர்

எந்தப் பொருளையும் மாற்றுமுன் அது இப்போது எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்வது அறிவியலின் முதல் ஒழுக்கம். சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டும் ஓர் அளவுகோலும் போதும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்புகிறார்கள். சக்கரத்துக்கு வெளியே, அதைத் தொடாதவாறு, தூக்குக் குண்டின் நூலைத் தொங்கவிடுகிறார்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு உள்ள தூரத்தையும் கீழ் விளிம்புக்கு உள்ள தூரத்தையும் அளக்கிறார்கள். டயரின் மேல் அளக்கக் கூடாது. டயரின் அடிப்பகுதி எடையால் புடைத்திருக்கும்.

அளக்கும் இரு புள்ளிகளுக்கும் இடையே 250 மி.மீ. உள்ளது என்க. மேலே தூரம் 30 மி.மீ., கீழே 36 மி.மீ. மேற்பகுதி நூலுக்கு அருகில் இருப்பதால் இது நேர்ச்சாய்வு; வேறுபாடு 6 மி.மீ. இதை அப்படியே நம்பலாமா? கூடாது. ரிம் சற்று நெளிந்திருக்கலாம். ஆகவே காரை ஏறத்தாழ 80 செ.மீ. நகர்த்துகிறார்கள். சக்கரம் சரியாக அரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். மீண்டும் அளக்கும்போது வேறுபாடு 3 மி.மீ. கிடைக்கிறது என்க. முதல் அளவில் நெளிவு கூடியது. இரண்டாவதில் அதே அளவு குறைந்தது. இரண்டின் சராசரி 4.5 மி.மீ. நெளிவு நீங்கிய உண்மை அளவு இதுவே. 4.5-ஐ 250-ஆல் வகுத்தால் 0.018. இது எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு? 1 பாகைக்குச் சற்றே அதிகம்.

தரையே சாய்ந்திருந்தால்? அப்போது ஒரு பக்கச் சக்கரத்தில் சாய்வு கூடுதலாகவும் மறு பக்கத்தில் குறைவாகவும் தோன்றும். காரைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்த்திசை நோக்கி நிறுத்தி மீண்டும் அளந்து சராசரி எடுத்தால் தரையின் பிழையும் கழன்றுவிடும். பிழையை நீக்க முடியாதபோது அதைத் தலைகீழாக்கிச் சராசரி எடுப்பது என்ற இந்த உத்தி, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் பயன்படும்.

கால் விரல்களும் சக்கரங்களும்

சாய்வைத் தவிர மற்றொரு கோணத்தையும் நாம் அறிய வேண்டும். நேராக நின்றுகொண்டு உங்கள் பாதங்களின் விரல்கள் ஒன்றையொன்று நோக்குமாறு சற்று உள்ளே திருப்புங்கள். காரை மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதிகள் இவ்வாறு உட்புறம் திரும்பியிருந்தால் அதனை உள்நோக்கு என்பர். வெளிப்புறம் திரும்பியிருந்தால் வெளிநோக்கு. ஆங்கிலத்தில் இக்கோணத்துக்குக் கால் விரலைக் குறிக்கும் டோ என்ற பெயரே வழங்குகிறது.

மினியின் பின் சக்கரங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 3.2 மி.மீ. உள்நோக்கு வேண்டும். சக்கரத்துக்கு 1.6 மி.மீ. வீதம் என்றால் கோணம் 0.4 பாகைக்கும் குறைவு. பின் சக்கரங்கள் வெளிநோக்கு பெற்றுவிட்டால் மிகவும் ஆபத்து. இடப்புற வளைவில் பாரம் வலப் பக்கப் பின் சக்கரத்தின் மேல் ஏறும். அது வெளிப்புறம் நோக்கியிருந்தால் காரின் வாலை வளைவுக்கு வெளியே இழுக்கும். கார் பம்பரமாகச் சுழலக்கூடும்.

இக்கோணத்தைத் தீர்மானிப்பதும் அதே கீல் தண்டின் வெளிமுனைதான். வெளிமுனை முன்னோக்கி நகர்ந்தால் உள்நோக்கு கூடும். பின்னோக்கி நகர்ந்தால் குறையும். மேலும் கீழும் நகர்த்தினால் சாய்வு. முன்னும் பின்னும் நகர்த்தினால் நோக்கு. ஒரே புள்ளி, இரண்டு கோணங்கள்!

பொருத்தும் முறை

சாய்வைச் சரிசெய்யும் கிட் என்று விற்கப்படுவது, பழைய பிராக்கெட்டுக்குப் பதிலாகப் பொருத்த வேண்டிய இரண்டு புதிய பிராக்கெட்டுகளே. இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு ஒன்று. பழையதில் வட்டத் துளை ஒன்றே இருந்த இடத்தில், புதியதில் தண்டின் முனையை மேலும் கீழும் நகர்த்தி இறுக்குவதற்கான வழி இருக்கும். சிலவற்றில் முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் உண்டு.

எவ்வளவு நகர்த்த வேண்டும்? தண்டின் இரு தாங்கு புள்ளிகளுக்கும் இடையே 200 மி.மீ. எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூட்டல் 1 பாகையிலிருந்து கழித்தல் அரைப் பாகைக்குக் கொண்டுவர வேண்டுமானால் மாற்றம் ஒன்றரைப் பாகை. டேன் ஒன்றரைப் பாகை என்பது 0.0262. இதனை 200-ஆல் பெருக்கினால் 5.2 மி.மீ. வெளிமுனையை அவ்வளவு உயர்த்தினால் போதும். ஒரு பென்சிலின் பருமனைவிடக் குறைவு!

இனி, தேர்ந்த மெக்கானிக் ஒருவர் செய்யும் வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

1. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார். பின் சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துகிறார்.

2. ஜாக்கியால் பின்பகுதியைத் தூக்கி, உறுதியான அடிப்பகுதியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, காரை அவற்றின் மேல் இறக்குகிறார். ஜாக்கி தூக்குவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்கான கருவி அன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை வைப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். இதில் விதிவிலக்கே இல்லை.

3. சக்கரத்தைக் கழற்றி, பிராக்கெட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் துடைக்கிறார். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சற்று நேரம் விடுகிறார். துணைச்சட்டத்தைச் சுத்தியின் பிடியால் தட்டிப் பார்க்கிறார். துருவேறி மெலிந்த சட்டத்தில் எவ்வளவு நல்ல பிராக்கெட்டைப் பொருத்தினாலும் பயனில்லை. முதலில் சட்டத்தை மாற்ற வேண்டும்.

4. கையின் அடியில் சிறு முட்டுக் கொடுக்கிறார். இல்லையேல் கை தொய்ந்து பிரேக் ஹோஸை இழுக்கும். பிறகு கீல் தண்டின் வெளிமுனை நட்டையும் பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் கழற்றிப் பழைய பிராக்கெட்டை எடுக்கிறார். நட்டுக்கும் வாஷருக்கும் உரிய வரிசையை எழுதிக்கொள்கிறார்.

5. இப்போது கையைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். லொடலொடவென்று ஆடினால் புஷ்ஷோ தாங்கியோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆடும் தண்டில் அரைப் பாகைக் கணக்குப் போடுவது, ஆடும் தராசில் தங்கம் நிறுப்பதற்கு ஒப்பாகும். முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.

6. புதிய பிராக்கெட்டைப் பொருத்தி, கணக்கிட்ட உயரத்தில் தண்டின் முனையை நிறுத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் செலுத்திய பின் ஸ்பானரால் இறுக்குகிறார். மறு பக்கத்திலும் இவ்வாறே.

7. சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்குகிறார். உடனே அளப்பதில்லை. தூக்கி இறக்கிய டயர் தரையைப் பற்றிக்கொண்டு இயல்பான நிலைக்கு வராமல் நிற்கும். காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே தூக்குக் குண்டை எடுக்கிறார்.

8. முதலில் சாய்வு, பிறகு நோக்கு, மீண்டும் சாய்வு என்ற வரிசையில் அளந்து திருத்துகிறார். இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கால் பாகைக்குள் அடங்கும் வரை இது தொடர்கிறது.

9. முடிவில் எல்லா நட்டுகளையும் குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்குகிறார். பிரேக் குழாய் எங்கேனும் உரசுகிறதா என்று பார்க்கிறார். சிறிது தூரம் ஓடிய பிறகு நட்டுகளையும் கோணங்களையும் மீண்டும் சோதிக்கிறார்.

ஒரு மில்லிமீட்டரின் கதை

எட்டாவது படியில் நோக்கை ஏன் மீண்டும் அளக்க வேண்டும்? நாம் உயரத்தைத்தானே மாற்றினோம்? இங்குதான் பலரும் ஏமாறுகின்றனர். தண்டின் முனையை 5 மி.மீ. உயர்த்தும்போது அது தெரியாமல் 1 மி.மீ. பின்னோக்கி நழுவியது என்க. 200-இல் 1 என்பது 0.005. சக்கரத்தின் ரிம்மில் 250 மி.மீ. நீளத்துக்கு இது 1.25 மி.மீ. ஆகிறது. இருக்க வேண்டிய உள்நோக்கு 1.6 மி.மீ. அல்லவா? அதில் முக்கால் பங்குக்கு மேல் பறிபோயிற்று. இன்னும் சற்று நழுவியிருந்தால் உள்நோக்கு முற்றிலும் மறைந்து, நாம் அஞ்சிய வெளிநோக்கே வந்திருக்கும். வளைவில் பிடிப்பைக் கூட்டுவதற்காகச் செய்த வேலை, வளைவில் காரைச் சுழலச் செய்யும் வேலையாக முடிந்திருக்கும்!

டயரின் தேய்வும் இதையே கூறுகிறது. ஒரு சக்கரத்தின் நோக்கு 1 பாகை தவறாக இருந்தால், கார் 1 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 1000-ஐ 0.0175-ஆல் பெருக்கிப் பாருங்கள். அழிப்பான் ரப்பரைத் தாளில் 17 மீட்டர் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

நோக்கை அளக்கக் காரின் இரு பக்கங்களிலும் நீண்ட நூல்களைக் கட்டுகிறார்கள். ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களின் வேறுபாடே நோக்கு. இதில் ஒரு நுட்பம். மினியின் முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ளதைவிடச் சில சென்டிமீட்டர் அதிகம். எனவே நூலை முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் தொடுமாறு கட்டினால் நூலே கோணலாகிவிடும். இரு நூல்களும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். அளவுகோல் கோணலானால் அளவும் கோணல்தான்.

செய்து பாருங்கள்

காருக்கு அடியில் செய்யும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. ஆனால் அளக்கும் வேலையை நீங்களும் செய்யலாம். உங்கள் மிதிவண்டியின் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, தூக்குக் குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, ரிம்மின் மேலும் கீழும் அளந்து பாருங்கள். சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி மீண்டும் அளவுங்கள். இரண்டின் சராசரி சக்கரத்தின் சாய்வைத் தரும். இரண்டின் வேறுபாட்டில் பாதி ரிம்மின் நெளிவைத் தரும். சாய்வு, மிதிவண்டியின் ஸ்டாண்டினால் வந்ததா, அச்சு கோணலாக இறுக்கப்பட்டதால் வந்ததா என்பதைக் கண்டறிய வழி ஒன்றை நீங்களே யோசியுங்கள்.

மேலும் மூன்று கணக்குகள்:

அ. ஒரு சக்கரத்தில் நூலிலிருந்து மேல் தூரம் 40 மி.மீ., கீழ்த் தூரம் 35 மி.மீ. அளவுப் புள்ளிகளின் இடைவெளி 250 மி.மீ. சாய்வு நேரா, எதிரா? எத்தனை பாகை?

ஆ. தண்டின் தாங்கு புள்ளிகளுக்கு இடையே 200 மி.மீ. இருக்கையில், சாய்வைக் கால் பாகை மாற்ற வெளிமுனையை எவ்வளவு நகர்த்த வேண்டும்?

இ. உடல் 4 பாகை சாயும் வளைவில், நிற்கும் நிலையில் கழித்தல் 1 பாகை உள்ள வெளிப்பக்கச் சக்கரத்தின் சாய்வு என்ன? உட்பக்கச் சக்கரத்தின் சாய்வு என்ன?

விடைகள்: அ. எதிர்ச்சாய்வு, ஏறத்தாழ 1.15 பாகை. ஆ. 0.87 மி.மீ. இ. வெளிப்பக்கம் கூட்டல் 3 பாகை. உட்பக்கம் கழித்தல் 5 பாகை.

இரண்டாம் கணக்கின் விடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு, சக்கரத்தைக் கால் பாகை திருப்பிவிடுகிறது. வேகமாக ஓடும் காரில் நால்வரின் உயிர், உள்ளங்கை அளவு ரப்பரை நம்பியிருக்கிறது. அந்த ரப்பர் அந்த ஒரு மில்லிமீட்டரை நம்பியிருக்கிறது. தூக்குக் குண்டையும் அளவுகோலையும் பொறுமையோடு கையாளத் தெரிந்தவரிடமே அந்தக் காரை ஒப்படைக்க வேண்டும்.